ஓடில்லா நத்தையின் பகல்பொழுது



நத்தையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டதாக வாசகர் வட்டச் செயலாளர் சொன்னார். நியாயமான கேள்விதான். அதிலும் நான் பேசப்போவது நத்தையின் பகல்பொழுதைப் பற்றி. பகலில் அது படுத்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் எங்கே படுக்கிறது, எப்போது எழுகிறது, யாரோடு படுக்கிறது, மறுநாள் அதே இடத்துக்கு எப்படித் திரும்புகிறது என்று கேட்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போதாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளியலறைச் சுவரிலும் கிணற்றடியிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் கறுப்பாக, தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகின் நடுவே வெளிறிய கோடு ஒன்று ஓடும். பல வீடுகளில் அதை அட்டை என்பார்கள். உப்பைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது இரத்தம் குடிக்கும் பிராணி அல்ல. ஓடில்லாத நத்தை. லெவிகாலிஸ் அல்டே என்பது அதன் அறிவியல் பெயர். ஆப்பிரிக்காவில் தோன்றி, இன்று இந்தியா முழுவதும் ஆஸ்திரேலியா வரையிலும் பரவியிருக்கும் இனம். இரவில் அது என்ன செய்கிறது என்பது தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். நேற்று நட்ட சாமந்தி நாற்று இன்று காலையில் குச்சியாக நிற்கும். பக்கத்தில் வெள்ளிக்கோடு போலக் கோழை காய்ந்திருக்கும். நமது கோபமெல்லாம் அந்த இரவின் மீதுதான். அந்தப் பிராணிக்கோ பகல்தான் பெரிய கண்டம். இரவில் எத்தனை நேரம் வெளியே இருக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எதைத் தின்னலாம் என்பதெல்லாம் பகலில் அது எங்கே கிடந்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம்.

ஓடில்லா நத்தையின் உடலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர். அதன் தோல் மெல்லியது, எப்போதும் நனைந்தே இருப்பது. நீர் ஆவியாகாமல் தடுக்க நம் தோலில் இருப்பது போன்ற காய்ந்த மேலடுக்கு அதற்குக் கிடையாது. திறந்த தட்டில் ஊற்றிய தண்ணீர் எந்த வேகத்தில் வற்றுமோ, ஏறக்குறைய அதே வேகத்தில் இந்த உடலும் வற்றும். அது போதாதென்று ஊர்வதற்குக் கோழை வேண்டும். கோழையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நீர்தான். அதைத் தரையில் பூசி, அதன் மேல் நகர்ந்து, அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சுக்காக உடலின் பக்கத்தில் ஒரு துளை உண்டு. அதைத் திறக்கும்போதும் ஈரம் போகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்து நடப்பவரின் நிலைதான் இதுவும். நின்றாலும் ஒழுகும், நடந்தால் இன்னும் ஒழுகும்.

வரவு இல்லாமல் இல்லை. தின்னும் இலையில் நீர் இருக்கிறது. அதைவிட முக்கியமான வழி ஒன்றை அமெரிக்காவில் டேவிட் ப்ரயர் என்ற உடலியல் ஆய்வாளர் 1980-களில் விரிவாக ஆராய்ந்தார். உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வற்றிப்போன நத்தை ஈரமான பரப்பைத் தேடிப் போகிறது. கிடைத்ததும் உடலைத் தட்டையாக விரித்து அசையாமல் படுத்துக்கொள்கிறது. வாயால் குடிப்பதில்லை, பாதத்தின் தோல் வழியாகவே நீர் உள்ளே இறங்குகிறது. இழந்ததை ஈடுகட்டியதும் எழுந்து போய்விடுகிறது. நமக்கெல்லாம் மூன்றில் ஒரு பங்கு எடை வற்றினால் கதை அத்தோடு முடிந்தது.

ஓடு இருந்தால் இந்த அல்லல் இல்லையே என்று தோன்றும். ஓடுள்ள நத்தை வெயில் வந்தால் உள்ளே சுருங்கி, வாயிலைச் சவ்வால் மூடி, மாதக்கணக்கில் கிடக்கும். நத்தைக் குடும்பத்தில் ஓட்டை இழந்தது ஒரே ஒரு கிளை என்றால் தற்செயல் எனலாம். உலகின் வெவ்வேறு பகுதிகளில், வெவ்வேறு கிளைகளில், தனித்தனியாகப் பலமுறை இது நடந்திருக்கிறது. சில இனங்களில் ஓட்டின் மிச்சம் முதுகுத் தோலுக்கடியில் மெல்லிய தகடாக இன்னும் இருக்கிறது. நம் குளியலறைக் கறுப்பு நத்தையிடம் அதுவும் இல்லை. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு குறைந்த மண்ணில் அதற்கு எங்கே போவது? ஓட்டோடு குறுகிய இடுக்கில் நுழையவும் முடியாது. ஓடில்லாதது மண் வெடிப்பிலும் பட்டைக்கு அடியிலும் செங்கல் சந்திலும் தன் உடலை இழுத்து நீட்டிச் செருகிக்கொள்ளும். சுமந்து திரிந்த வீட்டை விட்டது. அதன் விலையாக ஒவ்வொரு விடியலிலும் வேறொரு வீட்டைக் கண்டாக வேண்டும். இன்றைய பேச்சில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் விவரம்.

விவரத்துக்கு வருவோம். பொழுது சாய்ந்தது என்று கல்லுக்கடியில் கிடக்கும் பிராணிக்கு எப்படித் தெரிகிறது?

பார்பரா டெய்ன்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1954-இல் இதற்கு ஒரு பதில் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டது ஐரோப்பிய வயல்களில் மலிந்த சாம்பல் நிற ஓடில்லா நத்தை. இன்று டெரோசெராஸ் ரெட்டிகுலேட்டம் என்று அழைக்கப்படுவது. நீர்க்கணக்கைப் பார்த்தவர்கள், காற்றில் ஈரம் ஏறும்போது அது விழிக்கிறது என்றுதான் எதிர்பார்ப்பார்கள். டெய்ன்டனின் சோதனைகள் வெப்பநிலையைக் காட்டின. 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழே வெப்பம் இறங்கத் தொடங்கினால் நத்தை நகரத் தொடங்குகிறது. மணிக்கு 0.1 டிகிரி என்ற அளவில் மெல்ல இறங்கினாலும் அது உணர்கிறது. மாலையில் தரை குளிர்வதே அதற்குப் பொழுது சாய்ந்த செய்தி. எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடிக்கும். தலையை வெளியே நீட்டாமலேயே, கல்லுக்கடியில் கிடந்தபடியே தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி அது. வெளியே வந்து ஈரம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதே செலவு அல்லவா?

அதோடு முடியவில்லை. வெப்பத்தையும் வெளிச்சத்தையும் மாறாமல் வைத்தால் நத்தை என்ன செய்யும்? பிலிப் சோகோலவ், அலன் ஜெல்பெரின் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் லிமாக்ஸ் மாக்சிமஸ் என்ற பெரிய இனத்தைப் பயன்படுத்தினார்கள். சிறுத்தையின் உடலைப் போலப் புள்ளியும் வரியுமாக, ஒரு சாண் வரை நீளக்கூடிய நத்தை அது. எலிக்கு வைப்பது போன்ற சுழல் சக்கரத்தை அதற்கு வைத்தார்கள். சிரிக்காதீர்கள், நத்தை சக்கரம் சுற்றியது; அதுவும் இருளில் மட்டும். பின்பு வெளிச்சமே காட்டாமல் தொடர்ந்து இருளில் வைத்தார்கள். அப்போதும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை அதற்கு ‘இரவு’ வந்தது. உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது உறுதியாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. கண்களை அகற்றிய பின்பும் அந்தக் கடிகாரம் வெளியிலுள்ள பகலிரவோடு தன்னைச் சரிசெய்துகொண்டது. கண்ணைத் தவிர வேறெங்கோ அது ஒளியை உணர்கிறது.

ஆக, கடிகாரம் எழுப்புகிறது, குளிர்ச்சி கதவைத் திறக்கிறது. இரண்டும் ஒத்துவந்தாலும் காற்று பலமாக வீசினால் அது திரும்பிப் போய்விடும். காற்று உடலை உலர்த்தும். மாறாக, நாளெல்லாம் மழை மூட்டமாக இருந்தால் நண்பகலிலும் வெளியே திரியும். நம் ஊரில் புயல் சின்னம் நிலைகொண்டிருக்கும் நாட்களில் பட்டப்பகலில் மதில் ஏறும் நத்தையைப் பார்த்திருப்பீர்கள். கடிகாரம் தவறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அன்று அச்சப்பட வேண்டிய பகல் இல்லை.

இனி, இருப்பிடம். இரவெல்லாம் அலைந்த நத்தை விடியுமுன் எங்கே போகிறது? கண்ணில் பட்ட முதல் இடுக்கிலா?

சில இனங்கள் அப்படித்தான். ஆனால் லிமாக்ஸ் வகையைச் சேர்ந்தவை முந்தைய நாள் கிடந்த இடத்துக்கே திரும்புகின்றன. ஜெல்பெரின் 1974-இல் இதன் காரணத்தைக் கண்டார். உணர்கொம்புகளிலிருந்து வரும் மோப்ப நரம்புகளைத் துண்டித்துவிட்டால் நத்தைக்கு வீடு திரும்பத் தெரிவதில்லை. வீடு என்பது அதற்கு ஒரு வாசனை. தானும் தன் கூட்டமும் நாள்தோறும் படுத்துப் படுத்து ஏற்றிய வாசனை. வட அயர்லாந்தின் கோல்ரெய்னில் பணியாற்றிய அந்தோனி குக், லிமாக்ஸ் குடும்பத்தின் மஞ்சள் நத்தை ஒன்றை ஆராய்ந்தார். அது தரையிலுள்ள கோழைத் தடத்தைப் பிடித்தும் வருகிறது, காற்றில் வரும் வாசனையைப் பிடித்தும் வருகிறது என்று காட்டினார். ஒன்று தவறினால் மற்றொன்று.

வீடு திரும்பும் இந்தப் பழக்கம் ஓடுள்ள தோட்டத்து நத்தைகளிடமும் உண்டு. 2010-இல் பிரிட்டனின் பிபிசி வானொலி பொதுமக்களுக்காக ஓர் அறிவியல் போட்டி நடத்தியது. டெவன் பகுதியைச் சேர்ந்த ரூத் ப்ரூக்ஸ் என்ற பாட்டியார் கேட்ட கேள்வி, நத்தையை எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் விட்டால் திரும்பி வராது என்பது. நகப்பூச்சால் அடையாளமிட்டு அவர் சோதித்ததில், பத்து மீட்டர் தூரத்திலிருந்தும் நத்தைகள் திரும்பி வந்தன. போட்டியில் முதற்பரிசும் அவருக்கே. மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க. அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் மட்டும்தான் மிச்சம்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் குக் கவனித்தார். அவருடைய மஞ்சள் நத்தைகள் பகலில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே குவியலாகக் கிடந்தன. காற்று வறண்டால் குவியல் இறுகும். ஒவ்வொன்றின் உடலிலும் வெளிக்காற்று படும் பரப்பு குறைவதால் நீரிழப்பும் குறைகிறது. 1981-இல் இதை வெளியிட்டார். தனியே கிடப்பதைவிடக் கூட்டமாகக் கிடந்தால் குறைவாக வற்றும் என்பது எளிய கணக்குதான். அதை நத்தை செய்கிறது என்பதுதான் செய்தி.

இதைக் கேட்டு நத்தைகளிடம் ஒற்றுமையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொற்பொழிவாற்றக் கிளம்பிவிட வேண்டாம். ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவின் வான்கூவரில் டேவிட் ரோலோ, வெலிங்டன் என்ற இருவர் நத்தைச் சண்டைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். லிமாக்ஸ் மாக்சிமஸ் மற்ற நத்தைகளைத் துரத்துகிறது, கடிக்கிறது. கடிபட்டது வாலைச் சுழற்றிவிட்டு ஓடுகிறது, நத்தை ஓடக்கூடிய வேகத்தில். சண்டை கோடையில்தான் மிகுதி. ஈரமான இருப்பிடங்கள் அருகிப்போகும் பருவம் அது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு நத்தைகள், ஒரே பிரச்சினை, இரண்டு விதத் தீர்வு. ஒன்று நெருங்கிப் படுக்கிறது, மற்றது வந்தவரை விரட்டுகிறது. பங்கிட முடிந்த பொருளாக ஈரம் இருக்கும்போது நெருக்கம் லாபம். இடமே போதாதபோது சண்டை லாபம் என்று நான் புரிந்துகொள்கிறேன். இதில் ஒழுக்கத்துக்கு வேலையில்லை.

வயலுக்குப் போவோம். பிரிட்டனில் கோதுமையும் கடுகு வகைப் பயிரான ரேப்பும் விதைக்கும் இலையுதிர்காலத்தில் அந்தச் சாம்பல் நத்தை பெரிய தொல்லை. முளைவிட்ட கோதுமை மணியை மண்ணுக்குள்ளேயே குடைந்து தின்னும். அங்கே அனுபவமுள்ள விவசாயி மருந்தைத் தேடுவதற்கு முன் மண்கட்டியைப் பார்ப்பார். உழுத நிலம் பெரிய பெரிய கட்டியாகக் கிடந்தால் ஒவ்வொரு கட்டிக்கும் அடியில் ஓர் அறை இருக்கிறது என்று பொருள். பகலில் தங்க வசதி, இரவில் விதைக்கு நேர்வழி. ஆகவே மண்ணைப் பொடியாக்கி, உருளை ஓட்டி இறுக்குகிறார்கள். இருப்பிடம் போனால் நத்தையின் சேதமும் குறைகிறது. ஷ்ராப்ஷயரில் உள்ள ஹார்ப்பர் ஆடம்ஸ் பல்கலைக்கழகத்தார் சில ஆண்டுகளுக்கு முன் இந்தச் சாம்பல் நத்தையின் உடலுக்குள் மிகச்சிறிய மின்னணு அடையாளச் சில்லு பொருத்தி, வயலில் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். நத்தைகள் வயல் முழுவதும் பரவித் திரியவில்லை. குறிப்பிட்ட திட்டுகளில் அடர்ந்து, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. அந்தத் திட்டுகளுக்கு மட்டும் மருந்திட்டால் போதாதா என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது.

இன்னொரு வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிஸ்டலில் உள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ‘ஸ்லக்பாட்’ என்ற இயந்திரனைக் கட்டினார்கள். நத்தையைத் தானே தேடிப் பிடித்து, அதை நொதிக்கவைத்து, அதில் கிடைக்கும் எரிசக்தியில் தானே ஓட வேண்டும் என்பது கனவு. இரையாக நத்தையைத் தேர்ந்ததற்குக் காரணம் தெளிவு: மெதுவாகப் போகும், ஏராளமாகக் கிடைக்கும், சிவப்பு ஒளியில் மண்ணின் பின்னணியில் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த இயந்திரனும் இரவில்தான் வேட்டைக்குப் போக வேண்டும். பகலில் வயலில் ஆயிரக்கணக்கில் இருக்கும் நத்தைகளை அதனால் காண முடியாது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மரியெல்லா டுசுமியேரி என்ற மேற்குத்தொடர்ச்சி மலை நத்தையைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் இரவில் மரத்தில் ஏறி, பால்வெட்டிய கீற்றில் வாய்வைத்து ரப்பர் பாலைக் குடிக்கிறது. கீற்றில் பால் ஒழுங்காக ஓடாமல் தடைபடுகிறது. நாற்றங்காலில் இளந்தளிரையும் தின்கிறது. பால்வெட்டுக்காரர்கள் ஏன் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார்கள்? இரவில் மரத்தின் இலைகள் நீரை ஆவியாக்குவது குறைந்து, மரத்துக்குள் நீரழுத்தம் ஏறியிருக்கும். அந்த அழுத்தத்தில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். மரத்துக்கு நீர் நிறைந்திருக்கும் அதே நேரம்தான் நத்தைக்கும் உகந்த நேரம். தொழிலாளி, மரம், நத்தை மூவரும் ஒரே நேரத்தில் அங்கே கூடுவதற்குக் காரணம் தண்ணீர். தண்டில் போர்டோ பசையைப் பூசுவது அங்கே பழைய தடுப்பு. அதிலுள்ள தாமிரம் நத்தைக்கு ஆகாது.

நம் கறுப்பு நத்தை இந்த மலைவாசியைவிட வறட்சி தாங்கும். அதன் முதுகுத் தோல் பதனிட்ட தோலைப் போல் தடித்தது. புரட்டிப் பார்த்தால் உடலின் அகலத்தில் சிறு பகுதியே பாதம், ஒரு நாடா போல. ஈரம் போகும் மென்மையான பரப்பைக் குறுக்கிக்கொண்ட உடல் அது. பங்குனி, சித்திரையில் அது எங்கே போயிற்று என்று கேட்டால், தொட்டியின் மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். மழை வந்ததும் எங்கிருந்தோ வந்ததாக நினைக்கிறோம்.

கடைசியாக, வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மெட்டால்டிஹைடு குருணை இங்கும் விற்கப்படுகிறது. அது நத்தையைக் கோழை கொட்டவைத்து வறட்டிக் கொல்வது. ஈரமான இரவாக இருந்தால் மருந்து தின்ற நத்தை நீரை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்வதும் உண்டு. நாய்க்கும் ஆபத்து. பிரிட்டனில் 2022 முதல் வெளியிடங்களில் அதைப் பயன்படுத்தத் தடை. உப்பு கொட்டுவது நத்தையைக் கொல்லும், தொட்டி மண்ணையும் சேர்த்தே கெடுக்கும்.

நான் சொல்வது சாக்கு. சணல் சாக்கை நனைத்து, அடியில் இரண்டு முட்டைக்கோஸ் இலையோ பப்பாளித் தோலோ வைத்து, மாலையில் செடிகளுக்கு நடுவே விரித்துவிடுங்கள். விடியலில் இருப்பிடம் தேடிவரும் நத்தைகள் அதற்குள் புகும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, நீங்கள் கவனியுங்கள்: வெறுங்கையால் எடுக்கக் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் இந்த நத்தைக்குள் வளர்கிறது. அது மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளையின் உறையை வீங்கவைக்கும். மழைக்காலத்தில் கீரையையும் பச்சையாகத் தின்னும் எதையும் இலை இலையாகப் பிரித்து, பலமுறை தண்ணீர் மாற்றிக் கழுவச் சொல்லுங்கள் வீட்டில். நத்தையை எடுக்கக் குச்சியோ கையுறையோ வேண்டும்.

சாக்கைப் புரட்ட வேண்டியது வெயில் வருமுன். எட்டு மணிக்கு மேல் சாக்கு காயத் தொடங்கினால் அவை இன்னும் ஆழமான இடத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். நத்தையே இல்லை என்று நினைத்து நீங்கள் சாக்கைச் சுருட்டி வைத்துவிடுவீர்கள்.